பிஸ்கா காட்டில் தூண்டில் போடும் முன்: நார்த் கரோலினாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வீடு பார்த்து, கார் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து முடித்ததும் வருகிற முதல் நீண்ட விடுமுறைக்கு சார்லட், கேரி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஸ்மோக்கி மலைக்குக் கிளம்பிவிடுகின்றன. நல்ல இடம்தான், போய் வாருங்கள். ஆனால் மீன் பிடிக்கவும், கூடாரம் போடவும், பிள்ளைகளை ஓடையில் இறக்கிவிடவும் என்னைக் கேட்டால் பிரெவர்ட் ஊரை ஒட்டித் தொடங்கும் பிஸ்கா தேசியக் காட்டைத்தான் சொல்வேன். சார்லட்டிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்.

ஸ்மோக்கி ஒரு தேசியப் பூங்கா. பிஸ்கா தேசியக் காடு, அதை நடத்துவது வேளாண் துறையின் கீழ் இருக்கும் வனத்துறை. ஸ்மோக்கியைப் போலவே இங்கேயும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் தேசியக் காடு என்பதால் பெரும்பாலான பாதைகளில் நாயைக் கூட்டிப் போகலாம், பல இடங்களில் இலவசமாகக் கூடாரம் அடிக்கலாம். பருவத்தில் வேட்டைக்கும் அனுமதி உண்டு. இலையுதிர் காலத்தில் நடக்கப் போனால் குடும்பத்தில் எல்லோரும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் மேலாடை போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். காடு மத்திய அரசுடையது, ஆனால் மீன்பிடி லைசென்ஸ் தருவது மாநிலத்தின் வனவிலங்கு வள ஆணையம். 16 வயது ஆனவர்களுக்கெல்லாம் அது வேண்டும், இணையத்திலேயே வாங்கிவிடலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா தூண்டிலைக் கையில் பிடித்தாலும் அவருக்கும் தனியாக வேண்டும். அவருக்குப் பத்து நாள் லைசென்ஸ் போதும். ஜூலை 4 அன்று மட்டும் மாநிலம் முழுக்க லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கலாம், மற்ற விதிகள் அன்றைக்கும் உண்டு.

லைசென்ஸ் கையில் இருந்தால் மட்டும் போதாது. கரையோரம் மரத்தில் அடித்திருக்கும் சிறிய பலகையைப் படிக்காமல் தூண்டில் போடாதீர்கள். இங்கே டிரவுட் என்ற குளிர்நீர் மீன் வாழும் ஓடைகளுக்கு ஒரே விதி கிடையாது, ஒரே ஆற்றில்கூட ஒரு வளைவு தாண்டினால் விதி மாறும். பண்ணையில் வளர்த்த மீனைக் கொண்டுவந்து விடும் பகுதிகளில் மண்புழு போடலாம், ஒருவர் நாளைக்கு ஏழு மீன் வரை எடுத்துப் போகலாம். அவை மார்ச் மாதம் மூடியிருந்து, ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் திறக்கும். சில பகுதிகளில் அக்டோபரிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பிடித்ததை விட்டுவிட வேண்டும், புழுவைக் கையில் வைத்திருப்பதே குற்றம். விதிகளை ஆண்டுதோறும் ஆகஸ்ட்டில் புதுப்பிப்பார்கள், போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காட்டில் ஓடும் டேவிட்சன் ஆற்றின் புகழைக் கேட்டு நேராக அங்கே போகவேண்டாம் என்பேன். அதன் மேல்பகுதியில் செயற்கை ஈ (பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள்) மட்டும்தான், பிடித்ததை விட்டுவிடவும் வேண்டும். மீன்களும் எத்தனையோ தூண்டிலைப் பார்த்துப் பழகியவை, லேசில் சிக்காது. பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்கள், ஏப்ரலுக்குப் பிறகு, பண்ணை மீன் விடும் ஓடையில் தொடங்குங்கள். ஒன்றாவது மாட்டினால்தான் அவர்கள் மறுபடி வருவார்கள்.

மூன்று வகை டிரவுட் கிடைக்கும். ரெயின்போ அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்தது. வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரியிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் கொண்டுபோய் விட்ட அதே மீன்தான். பிரவுன் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இந்த மலைக்கே சொந்தமானது புரூக் டிரவுட் ஒன்றுதான். மேலே குளிர்ந்த சிற்றோடைகளில் இருக்கும், உள்ளங்கையை விடச் சற்றே நீளம். முதுகில் புழு நெளிந்தது போல் கோடுகள், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, அடித் துடுப்பின் ஓரத்தில் வெள்ளைக் கரை. தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் மேலே இருக்கும் வழவழப்பு போய்விடும், விட்ட பிறகும் நோய் பிடித்துச் செத்துப்போகலாம்.

ஓடையில் பிள்ளைகள் கல்லைப் புரட்டி அணை கட்டுவதைத் தடுத்துவிடுங்கள். அந்தப் பெரிய கற்களுக்கு அடியில் ஹெல்பெண்டர் என்ற சாலமாண்டர் (பல்லி போன்ற உருவமுள்ள, தவளை இனத்துக்கு உறவான விலங்கு) வாழ்கிறது. இரண்டடி வரை வளரும், முட்டையும் அங்கேதான் இடும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் விஷம் இல்லை. தூண்டிலில் மாட்டினால் நூலை அறுத்து விட்டுவிடுங்கள்.

குளிக்க ஸ்லைடிங் ராக். 60 அடி வழுக்குப்பாறை, தண்ணீர் ஜூலையிலும் ஜில்லென்றிருக்கும், தனிக் கட்டணம் உண்டு. மற்ற அருவிகளின் உச்சியில் மட்டும் ஏறவே ஏறாதீர்கள். பாசி கண்ணுக்குத் தெரியாது, படமெடுக்க மேலே ஏறி வழுக்கி விழுந்து உயிரை விட்டவர்கள் உண்டு. முட்டி வலிக்கும் பெரியவர்களுக்கு லுக்கிங் கிளாஸ் அருவி தோது, 276ஆம் எண் சாலையோரத்திலிருந்தே தெரியும்.

அப்புறம் கரடி. இங்கிருப்பது கருங்கரடி, மனிதரை விட்டு விலகிப் போகும், ஆனால் மூக்கு அபாரம். மீந்த புளியோதரையை மரத்தடியில் கொட்டாதீர்கள், கூடாரத்துக்குள் முறுக்குப் பொட்டலம்கூட வேண்டாம், எல்லாம் பூட்டிய காருக்குள் இருக்கட்டும். ஷைனிங் ராக், பிளாக் பால்சம் பக்கம் இரவு தங்குவதானால் கரடி திறக்க முடியாத கடினமான டப்பா கட்டாயம்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்த மலைகளைப் புரட்டிப்போட்டது. அதனால் கிளம்பும் அன்றே வனத்துறையின் இணையப் பக்கத்தில் எந்தப் பாதை, எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோலை பிரெவர்ட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள், மேலே ஏறினால் பங்க்கும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்து, எந்த ஓடைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.