வெள்ளியங்கிரி ஏறுபவர்களே, இறங்கிப் பழகுங்கள்

கோவை பக்கம் ஏழு மலை ஏறிப் போய்ச் சிவனைக் கும்பிடும் வெள்ளியங்கிரிக்குக் கூட்டம் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. ஏறத்தான் எல்லோரும் தயாராகிறார்கள். ஆனால் ஏழு மலை ஏறியவரையும் உட்கார வைப்பது இறக்கம்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரம் முழுவதையும் தொடையின் முன்தசை பிரேக் மாதிரி பிடித்து நிறுத்துகிறது. பழகாத தசை என்றால் பாதி வழியிலேயே கால் வெடவெடக்கும். மறுநாள் வீட்டு மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

அதனால் போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் இரண்டு முறை படி இறங்குங்கள். ஈரோட்டுப் பக்கம் என்றால் சென்னிமலையின் 1320 படிகள் இருக்கின்றன, கோவைக்காரர்களுக்கு மருதமலை. ஏறிவிட்டுப் பஸ்ஸில் இறங்குவதில் பயனில்லை, வேண்டுமானால் பஸ்ஸில் ஏறி நடந்து இறங்குங்கள்! முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள், குதிக்காதீர்கள்.

கால் நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். ஷூ போடுபவர்கள் இறங்கும் முன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் விரல் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துவிடும். பூண்டி அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடியை வாங்காமல் ஏறாதீர்கள். இறங்கும்போது தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, அப்புறம் காலை வையுங்கள். ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.