மாநில உரிமை பேசுபவரெல்லாம் லிபர்ட்டேரியன் இல்லை

அமெரிக்க அரசியல் பேச்சு வந்தால் நம்மில் பலர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறோம். ஒருவர் வாஷிங்டனை, அதாவது அங்குள்ள மத்திய அரசைத் திட்டுகிறாரா? சரி, அவர் லிபர்ட்டேரியன் என்று முத்திரை குத்திவிடுகிறோம். இந்த விஷயத்தில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்தான் லிபர்ட்டேரியன். மாநில உரிமை பேசுபவரோ, இது எந்த அரசின் வேலை என்று கேட்கிறார். பிரம்பு இருப்பதில் இவருக்கு வருத்தமில்லை; அது யார் கையில் என்பதில்தான் தகராறு.

1958 ஜூலையில் ஒருநாள், நள்ளிரவு தாண்டிய நேரம். வர்ஜீனியாவில் ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் லவிங் தம்பதியின் படுக்கையறைக்குள் ஷெரீப் டார்ச் வெளிச்சத்தோடு நுழைந்தார். பக்கத்தில் படுத்திருப்பது யார் என்று அந்தக் கணவரைக் கேட்டார். சுவரில் கல்யாணச் சான்றிதழ் மாட்டியிருந்தது. இங்கே அது செல்லாது என்றார். கணவர் வெள்ளையர், மனைவி அப்படியல்ல. வர்ஜீனியா சட்டப்படி அந்தத் திருமணமே குற்றம். ஓராண்டுச் சிறை, ஆனால் 25 ஆண்டுகள் மாநிலத்தை விட்டுப் போய்விட்டால் சிறை வேண்டாம் என்றது அங்குள்ள நீதிமன்றம். திருமணம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று வர்ஜீனியா கடைசிவரை வாதாடியது. 1967இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தத்தைக் காட்டி அதைத் தள்ளினார்கள். படுக்கையறைக்குள் புகுந்தது மாநில அரசு, வெளியே அனுப்பியது வாஷிங்டன் நீதிமன்றம். மத்திய அரசைச் சுருக்கினாலே சுதந்திரம் பெருகிவிடும் என்பவர்களிடம் நான் முதலில் எடுத்துப் போடுவது இந்த வழக்கைத்தான்.

இன்னொரு தவறு, அதே அரசியல் சட்டத்தில் 1791இல் வந்த பத்தாவது திருத்தத்தைப் பாதியில் நிறுத்துவது. மத்திய அரசுக்குத் தராத அதிகாரங்கள் 'மாநிலங்களுக்கு' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். 'அல்லது மக்களுக்கு' என்றும் அதில் இருக்கிறது. லிபர்ட்டேரியனுக்கு உயிர்நாடியே அந்த வால்தான்.

மாநில உரிமைக் கோஷத்தை அப்படியே நம்புவதும் ஆபத்து. ஓடிப்போன அடிமைகளை வட மாநிலங்களுக்குள்ளும் புகுந்து பிடிக்க, 1850இல் மத்தியச் சட்டம் கேட்டு வாங்கியவை அடிமை முறை இருந்த தென் மாநிலங்கள்தான். வட மாநிலங்கள் தங்கள் சட்டங்களால் அதற்குக் குறுக்கே நிற்கின்றன என்பது, 1860 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் கரோலினா வெளியிட்ட அறிக்கையில் ஒரு புகார்!

நம் ஊர் மாநில சுயாட்சியை இதோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். 1969இல் மத்திய-மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்த தமிழக ஆட்சியாளர்கள் மாநில அரசுக்குக் கூடுதல் அதிகாரம் கேட்டார்களே தவிர, அரசே வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்புறம், லிபர்ட்டேரியனும் மாநில உரிமை பேசுபவரும் எப்போதும் எதிரெதிர் என்று நினைப்பதும் தவறுதான். மருத்துவத்துக்காகக் கஞ்சா பயன்படுத்த கலிஃபோர்னியா 1996இல் அனுமதித்தது. 2002இல் மத்திய அதிகாரிகள் வந்து, ஒரு நோயாளி தன் வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை அழித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது லிபர்ட்டேரியன்கள் நோயாளிகள் பக்கம் நின்றார்கள். அதே பக்கத்தில், கஞ்சாவுக்குக் கடும் தண்டனை தரும் அலபாமாவும் வந்து நின்றது: எங்கள் ஊரில் நாங்கள் தண்டிப்போம், கலிஃபோர்னியா என்ன செய்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்பது அதன் நிலை. 2005இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இரு தரப்பும் சேர்ந்தே தோற்றன.