இடிச்ச செட்டிநாட்டு வீட்டு மரத்துல பல்லாங்குழி செய்றது எப்படி

காரைக்குடி பக்கம் எங்க ஆயா வீடு, ஊருக்குள்ள யார்ட்ட வழி கேட்டாலும் "பெரிய வீட்டுக்கு அடுத்த சந்து"ன்னு தான் சொல்லுவாங்க, எங்க குடும்பத்துக்குப் பொதுவான அந்தப் பெரிய வீட்டைத் தான் போன வருஷம் இடிச்சோம். 11 புள்ளி (அதாவது கல்யாணமான குடும்பம்) பங்கு, பாதிப் பேர் வெளிநாட்டுல, மழைக்கு ஒழுகுற கூரைக்கு ஓடு மாத்த யாரு காசு போடுவா. செட்டிநாட்டு ஊர்கள் 2014லயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியல்ல ஏறியாச்சு, அதுக்காக யுனெஸ்கோ வந்து ஓடு மாத்திக் குடுக்குமா என்ன.

மரம் எல்லாம் பர்மா தேக்கு. நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) பர்மாவுல வட்டிக்கடை வச்சிருந்த காலத்துல கப்பல்ல வந்தது, 1942ல ஜப்பான்காரன் உள்ள வந்ததோட அந்தக் காலம் முடிஞ்சுது, அப்ப மரத்தோட வயசை நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

முதல் வேலை இடிக்கிற காண்ட்ராக்டர்கிட்ட விலை பேசுறப்பவே "இந்த விட்டம், இந்த நிலை, இந்தக் கதவு எங்களுக்கு"ன்னு எழுதி வாங்கிடணும். மரத்தை எடுத்துக்கிறதா வச்சுத்தான் அவங்க ரேட்டே சொல்லுவாங்க, அப்புறம் போய்க் கேட்டா முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில உங்க வீட்டுக் கதவையே நீங்க காசு குடுத்து வாங்க வேண்டி வரும்.

அடுத்தது ரொம்ப முக்கியம், கழட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணுலயும் எந்த இடம்னு எழுதி போட்டோ எடுத்துடுங்க, "வளவு, வடக்குப் பக்கம், 2வது கதவு" இப்படி (வளவுன்னா வீட்டுக்குள்ள முற்றத்தைச் சுத்தி இருக்குற பகுதி). எனாமல் பெயிண்ட்ல எழுதுங்க. நான் சாக்பீஸ்ல எழுதிட்டு லாரியில ஏத்துனேன், வழியில மழை, எல்லாம் போச்சு. இப்ப எந்தத் துண்டைக் காட்டினாலும் எங்க பெரியாத்தா "இது என் ரூம் நிலை"ங்குறாங்க, மறுத்துப் பேச என்கிட்ட ஆதாரம் இல்ல.

மரம் வந்ததும் ஆணி தேடணும். பழைய ஸ்பீக்கர்ல இருக்குமே பெரிய காந்தம், அதை மரத்து மேல மெதுவா ஓட்டுங்க, இழுக்குற இடத்துல எல்லாம் பென்சில்ல வட்டம் போடுங்க. இதைச் செய்யாம மில்லுக்கு எடுத்துட்டுப் போனா பிளேனர் பிளேடு போகும், திட்டும் விழும், ரெண்டையும் வாங்கினவன் சொல்றேன். தலை ஒடிஞ்ச ஆணி வரலைன்னா பின்பக்கமிருந்து தட்டிப் பாருங்க, ஆணியைச் சுத்திக் கருப்பா கறை இருக்கும், அது இரும்பும் தேக்கும் சேர்ந்து வர்றது, அப்படியே விடுங்க, அழகே அது தான்.

பழைய பெயிண்ட் இருந்தா காய்ஞ்ச மரத்துல சாண்ட் பேப்பர் போடவே போடாதீங்க, ஈயம் கலந்ததா இருக்கலாம், தூசி மூக்குல போகும். தண்ணி தெளிச்சு சுரண்டுங்க, மாஸ்க் போட்டுக்கங்க, சின்னப் பிள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க.

பல்லாங்குழிக்கு 2 இஞ்ச் கனம், 6 இஞ்ச் அகலம், 20 இஞ்ச் நீளத்துல வெடிப்பில்லாத பலகை போதும். ஒரு வரிசைக்கு 7, ரெண்டு வரிசை, மொத்தம் 14 குழி. மையத்துக்கு மையம் இரண்டரை இஞ்ச் விட்டுப் புள்ளி வைங்க, குழி 2 இஞ்ச் அகலம், முக்கால் இஞ்ச் ஆழம். டிரில்லுல பாதி எடுத்துட்டு மிச்சத்தை வளைஞ்ச உளியால கொஞ்சம் கொஞ்சமா, கட்டைவிரல் உள்ள சுத்துனா எங்கயும் தட்டக் கூடாது, அது தான் அளவு. மேல் பக்கத்தை மட்டும் இழைங்க, அடிப் பக்கத்துல பழைய இழைப்புளி தடம், கரி, எது இருந்தாலும் தொடாதீங்க, நம்ம ஆசாரி கை விட்டா புதுசு மாதிரி பண்ணிடுவாரு, பக்கத்துலயே நின்னு தடுக்கணும். அதே இடத்துல எந்தக் கதவுன்னு எழுதிடுங்க.

வார்னிஷ் வேணாம், ஆளிவிதை எண்ணெய் ரெண்டு தடவை துணியில தேய்ச்சா போதும். ஆனா அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில போட்டுடாதீங்க, தானா சூடாகித் தீப்பிடிக்கும், நெசமா தான், விரிச்சுக் காயப் போடுங்க.

குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. எங்க பலகையில ஒரு குழி நடுவுல ஆணி ஓட்டை வந்துடுச்சு, கொட்டை அதுல மாட்டிக்கும், எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு தடவையும் பெரியாத்தா நான் திருடிட்டேன்னு சண்டைக்கு வர்றாங்க.