லேசர், ரெயில்கன் செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது, பச்சைக் கோடு ஒன்று பாய்ந்து விமானத்தை இரண்டாகப் பிளக்கிறது. அதை உடனே ஒதுக்கிவிடுங்கள். இன்றைய போர் லேசர்களில் பெரும்பாலானவை அகச்சிவப்பில் இயங்குபவை. வெறும் கண்ணுக்கு எந்தக் கோடும் தெரியாது, தூரத்தில் ஒரு ட்ரோனின் இறக்கை புகைந்து, அது தலைகுப்புற விழுவது மட்டும்தான் தெரியும்.

நிஜச் செய்திதான் என்றால் முதலில் லேசரின் சக்தியைச் சொல்லும் கிலோவாட்டைத் தேடுங்கள். 2014இல் அமெரிக்கக் கடற்படை பான்ஸ் கப்பலில் வைத்தது 30 கிலோவாட் ரகம், 2025 ஏப்ரலில் இந்தியாவின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டிஆர்டிஓ கர்னூலில் சோதித்ததும் அதே 30தான். இஸ்ரேலின் அயர்ன் பீம் 100 கிலோவாட் ரகம். 30 என்றால் சின்ன ட்ரோன், 100 என்றால் ராக்கெட், மோர்ட்டார் குண்டு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பாலிஸ்டிக் ஏவுகணை என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். போயிங் 747க்குள் ரசாயன லேசரை ஏற்றி 2010இல் அமெரிக்கா அதைச் செய்துகாட்டியது உண்மை, ஆனால் நிஜப் போரில் எதிரியின் வான்வெளிக்குள்ளேயே வட்டமடிக்க வேண்டியிருக்கும் என்பதால் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

அப்புறம் செலவு. தன் டிராகன்ஃபயர் லேசரை ஒருமுறை சுட 10 பவுண்டுதான் என்கிறது பிரிட்டன். சரி, கருவியின் விலை அதில் இல்லையே! ஒளி பட்டவுடன் வேலை முடிவதும் இல்லை, பறக்கும் பொருளின் ஒரே புள்ளியில் சில விநாடி அதை நிறுத்திப் பிடிக்க வேண்டும். பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்தவர்களுக்குத் தெரியும், கை கொஞ்சம் ஆடினாலும் புகை வராது. மழை, மூடுபனி, தூசி எல்லாம் ஒளியைத் தின்றுவிடும். எனவே வானிலை எப்படி இருந்தது, ஒரே நேரத்தில் எத்தனை ட்ரோன் வந்தன என்ற இரண்டும் செய்தியில் இல்லையென்றால், தெளிந்த வானத்தில் ஒற்றை ட்ரோன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெயில்கன் வேறு கதை. இரண்டு உலோகத் தண்டவாளங்கள், நடுவே குண்டு, லட்சக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்ந்ததும் காந்த விசை குண்டை உந்தித் தள்ளுகிறது. 2010 டிசம்பரில் அமெரிக்கா டால்கிரன் கடற்படைச் சோதனைத் தளத்தில் 33 மெகாஜூல் ஆற்றலில் சுட்டது. வீட்டு மீட்டர் கணக்கில் வெறும் 9 யூனிட், ஒரு ஏசி ஓர் இரவு ஓடும் அளவு. அதை ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்குள் கொட்டுவதுதான் வித்தை. ஆகவே கப்பல் படம் வந்தால் குழலை ரசிக்காமல், அவ்வளவு மின்சாரத்தைச் சேமித்துவைக்க அதில் எங்கே இடம் என்று பாருங்கள்.

வேகத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள், குழல் எத்தனை குண்டுக்குத் தாங்கும் என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் தண்டவாளம் வெப்பத்திலும் உராய்விலும் அரிக்கப்படுகிறது, இரண்டு தண்டவாளங்களும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளவும் செய்கின்றன. கோடிக்கணக்கான டாலர் கொட்டிய அமெரிக்கா 2021இல் கைவிட்டது. ஜப்பான் 40 மில்லிமீட்டர் என்று சின்னதாக ஆரம்பித்து, 2023 அக்டோபரில் கப்பலிலிருந்தே சுட்டது. அவர்கள் வைத்த இலக்கைப் பாருங்கள்: குழல் 120 குண்டுக்குத் தாங்க வேண்டும். சாதாரணக் கப்பல் பீரங்கியோ சில ஆயிரம் தாங்கும். ரெயில்கன் ஆயிரத்தைத் தொட்டதாகச் செய்தி வந்தால், அதை மட்டும் எனக்கும் அனுப்புங்கள்.