தாடைக்குக் கோடு போடப் போய் வாயைத் திறக்க முடியாமல் நின்ற கதை

ஹட்டனில் ஒரு சின்ன ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறேன். இப்போது வரும் பையன்களில் பாதிப் பேருக்கு நெஞ்சு, கை எல்லாம் அப்புறம்தான், முதலில் 'ஜோலைன் வேணும் அண்ணே' என்று, தாடை ஓரம் கோடு போட்டது போலக் கூராகத் தெரியும் ஒரு படத்தைப் போனில் காட்டுவார்கள். பத்தொன்பது வயதில் நான் செய்த கூத்தையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். தண்ணீர் குடி, நேரத்துக்குத் தூங்கு என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லட்டும், நான் அந்தக் கூத்துகளை மட்டும் சொல்கிறேன்.

கடித்துக் கடித்துக் கூர்மையாக்கப் பார்ப்பது

காதுக்குக் கீழே தாடை வளையும் மூலையில் இரண்டு விரலை வைத்துப் பல்லை இறுக்கிக் கடியுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு ஒன்று எழும்பும். அதுதான் மசெட்டர், கன்ன எலும்பிலிருந்து இறங்கிக் கீழ்த்தாடையின் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் தசை. இப்போது விரலை நாடிக்கு, அதாவது மோவாய்க்கு, கொண்டுபோய்க் கடித்துப் பாருங்கள், அப்படி எதுவும் எழும்பாது. ஆக, நாள் முழுக்க மென்றால் பெருப்பது காதுப் பக்கம்தான். முகம் அகலும், நாடி இருந்த இடத்திலேயே இருக்கும்.

இது தெரியாமல் ஒன்லைனில் ஒரு ரப்பர் உருண்டை வாங்கி, கொழும்பு பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை கடிப்பேன். இரண்டு மாதத்தில் காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது, வேலை செய்கிறது போல என்று சந்தோஷப்பட்டேன் என்றால் பாருங்கள். ஒருநாள் காலை தேத்தண்ணிக் கடையில் ரொட்டியும் கட்டசம்பலும் வாங்கி வாயைத் திறக்கிறேன், இரண்டு விரல் அகலத்தோடு நின்றுவிட்டது. சாதாரணமாக மூன்று விரலை அடுக்கி உள்ளே விடலாம். "என்ன தம்பி, பல் வலியா?" என்கிறார் கடைக்காரர், எனக்குப் பதில் சொல்லவும் வாய் வரவில்லை. தாடை மூட்டுக்குள் இருக்கும் சின்னக் குருத்துத் தட்டு முன்னால் நழுவிவிட்டதாம். ஒரு மாதம் கஞ்சி, இரவில் பல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. அந்த உறையின் காசுக்குப் பத்து உருண்டை வாங்கியிருக்கலாம்.

இதைவிட எரிச்சல், போன மாதம் ஒருவன் "உருண்டைக்குக் காசில்லை, பாக்கு மெல்லுறேன்" என்றது. பாக்கு கன்னத்தின் உட்பக்கத்தை நார் கட்டியது போல இறுக்கி, வாயைத் திறக்கவிடாமல் செய்யும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004லேயே எழுதிவிட்டது. மெல்வதால் தாடை செதுக்கப்படும் என்றால், லயத்து வாசலில் ஆயுசு முழுக்க வெற்றிலை மென்ற என் அப்பாயியைப் போஸ்டரில் போட்டிருக்க வேண்டும். பல் விழ விழ, பல்லைத் தாங்கிய எலும்பும் கரைந்து, கடைசியில் அவருடைய மூக்கும் நாடியும் ஒன்றையொன்று தொடப் பார்த்தன.

கழுத்தை ஆட்டிக் கொழுப்பைக் கரைப்பது

நாடிக்குக் கீழே தோலுக்கு அடியில் கொழுப்பு, அதற்கடியில் பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசை, அதற்கும் கீழே இன்னும் கொஞ்சம் கொழுப்பு. அண்ணாந்து முந்நூறு தடவை வாயை அசைத்தால் தசைதான் களைக்கும். உடம்பு இளைத்தால் அந்தக் கொழுப்பும் கரையும், எந்த இடம் முதலில் என்பது பரம்பரையைப் பொறுத்தது. குளிருக்கு ஆறு பிளேன்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் கிட்டத்தட்ட 50 கிராம், 200 கலோரி. அதைக் கேட்டால் மட்டும் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள்.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எலும்பை மாற்றுவது

இருபது வயதுக்குமேல் மாறாது.

கீழிருந்து எடுத்த செல்பி

அழித்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வீக்கம்

அது கொழுப்பு இல்லை, டாக்டரிடம் போங்கள்.

எலும்பின் கணக்கைச் சோற்றில் தீர்ப்பது

தலவாக்கலையிலிருந்து வரும் ஒரு பையன் 52 கிலோதான், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் நாடிக்கும் கழுத்துக்கும் நடுவே மடிப்பே இல்லை, ஒரே சரிவு. கொழுப்பு என்று நினைத்து இரவுச் சோற்றை நிறுத்திவிட்டான். கிள்ளிப் பார்த்தேன், விரலுக்கு வெறும் தோல்தான் வந்தது. அவனுக்கு நாடி எலும்பு குட்டை, தொண்டைக்கு மேலே இருக்கும் ஹையோயிட் எலும்பும் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது போல. பட்டினி கிடந்து அதை எங்கே மாற்றுவது? மறுபடி சாப்பிட வைக்கவே மூன்று வாரம் பிடித்தது. இப்போது தாடி வளர்க்கிறான், நன்றாகத்தான் இருக்கிறது.