ரேம்ப் மேடையிலும் நகரத் தெருவிலும் ஆடைப் போக்கைக் கண்டறிவது எப்படி?

விழா ஒன்றுக்கு ஒரு நடிகை அணிந்து வந்த கவுன் மறுநாள் எல்லோருடைய கைபேசியிலும் வலம் வந்தால், அதையே இந்த ஆண்டின் ஃபேஷன் போக்கு என்று எழுதிவிடுகிறார்கள். அது செய்திதான், போக்கு என்று சொல்ல இன்னும் பல சான்றுகள் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத பலர், வெவ்வேறு கடைகளில் வெவ்வேறு விலைக்கு வாங்கிய உடைகளில் ஒரே திசையிலான மாற்றம் தெரியத் தொடங்கும்போதுதான் அங்கே ஒரு போக்கு உருவாகிறது. பேன்ட்டின் அடிப்பகுதி ஒரு விரல் அகலமாவது, தோள்பட்டைத் தையல் கைப்பக்கமாக இறங்குவது, இடுப்புக்கோடு கீழே வருவது என்று அந்த மாற்றம் பெரும்பாலும் சிறிதாகவே தொடங்கும். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில், வாங்குநரின் ஆர்டரைத் தொழிற்சாலையோடு சேர்ந்து முடித்துக்கொடுக்கும் மெர்ச்சண்டைசராகப் பல ஆண்டுகள் இருந்த எனக்கு, வெளிநாட்டு வாங்குநர்கள் அனுப்பும் அளவுத்தாள்களில் இந்த அரை அங்குல வேறுபாடுகளைத் தேடுவதே முதல் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் உருவான முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலக்கணக்கு புரிய வேண்டும். நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் என்ற வரிசையில் ஆண்டுக்கு இரண்டு முறை பெண்களுக்கான ஆயத்த ஆடைக் காட்சிகள் நடக்கின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காட்டப்படுபவை வரவிருக்கும் இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் உரியவை. செப்டம்பர், அக்டோபரில் காட்டப்படுபவை அடுத்த ஆண்டின் வசந்தத்துக்கும் கோடைக்கும் உரியவை. ஆகவே மேடையில் பார்க்கும் உடை கடைக்கு வர ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். அந்த உடைக்கான துணியோ, பாரிஸின் பிரீமியர் விஷன் போன்ற துணிக் கண்காட்சிகளில் அதற்கும் பல மாதங்கள் முன்னதாகவே தேர்வாகியிருக்கும். நூலும் சாயமும் இன்னும் முந்தியவை. ஒரே பருவத்தில் ஐந்தாறு வடிவமைப்பாளர்கள் ஒரே பழுப்பு நிறத்தைக் காட்டினால், ஒருவரைப் பார்த்து மற்றவர் எடுத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர்கள் ஒரே நெசவாலைகளின் மாதிரிப் புத்தகங்களைப் புரட்டியிருக்கக்கூடும்.

மேடைப் படங்களைப் பார்க்க இன்று யாருடைய அழைப்பிதழும் தேவையில்லை. வோக் ரன்வே போன்ற தளங்கள் ஒவ்வொரு காட்சியின் உடைகளையும் வரிசை மாறாமல் வெளியிடுகின்றன. அந்த முழு வரிசையையும் பார்ப்பது முக்கியம் என்பதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஒரு பருவத்தில், தளங்களின் முகப்பில் வந்த படங்களை மட்டும் சேகரித்து, கண்ணைப் பறிக்கும் ஒளிர்பச்சை நிறம் எங்கும் பரவப்போகிறது என்று நான் அறிக்கை எழுதினேன். அதை நம்பி மாதிரித் துணிக்குச் சாயமும் போட்டார்கள். ஆனால், வாங்குநர்கள் அதில் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. பிறகு முழு வரிசைகளையும் நிதானமாகப் பார்த்தபோது, ஒவ்வொரு காட்சியிலும் அந்தப் பச்சை ஓர் உடைக்கோ இரண்டு உடைகளுக்கோ மேல் இல்லை என்பது தெரிந்தது. முகப்புக்குப் படம் தேர்ந்தெடுப்பவர் பளிச்சென்று நிற்பதைத் தேர்ந்தெடுக்கிறார். நானோ அவருடைய தேர்வை எண்ணிவிட்டு, வடிவமைப்பாளர்களின் தேர்வை எண்ணியதாக நினைத்திருந்தேன்.

முழு வரிசையை முதல் முறை பார்க்கும்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். நிறமும் பூவேலையும் மங்கி, உடலைச் சுற்றிய புறக்கோடு மட்டும் நிற்கும். அது தோளில் அகன்று கீழே குறுகுகிறதா, இடுப்பில் இறுகி விரிகிறதா, மேலிருந்து கீழ்வரை நேராக இறங்குகிறதா என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை நீளங்களைப் பாருங்கள்: விளிம்பு எங்கே முடிகிறது, கை எங்கே முடிகிறது, இடுப்புக்கோடு எங்கே அமர்கிறது. துணி, நிறம், பொத்தான், காலர் ஆகியவற்றை மூன்றாம் முறைக்கு விட்டுவிடலாம். வரிசையை மாற்றி நிறத்தில் தொடங்கினால், என் அனுபவத்தில், கண் அதிலேயே சிக்கிக்கொண்டு வெட்டைக் கவனிக்கத் தவறுகிறது.

2021 அக்டோபரில் பாரிஸில் மியூ மியூ என்ற ஆடை நிறுவனம் காட்டிய வசந்தகால வரிசை இதற்கு நல்ல பாடம். கத்தரியால் குறுக்கே வெட்டிவிட்டதைப் போல விளிம்பில் நூல் பிரிந்து தொங்கும் மிகக் குட்டையான காக்கிப் பாவாடை, அதன் கீழே எட்டிப் பார்க்கும் பாக்கெட்டின் உள்துணி, மேலே குட்டையாக வெட்டிய சட்டையும் ஸ்வெட்டரும். பத்திரிகை அட்டைகளில் அந்தப் பாவாடை திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் அதை அப்படியே உடுத்திக்கொண்டு பேருந்தில் ஏறியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்தப் படங்களில் கூர்ந்து பார்க்க வேண்டியது வேறொன்று. பெல்ட் போடும் பட்டை இடுப்பெலும்பில், தொப்புளுக்கு நன்கு கீழே அமர்ந்திருந்தது. அதற்கு முன் சில ஆண்டுகளாக ஜீன்ஸும் பாவாடையும் இடுப்புக்கு மேலே ஏறியிருந்த நிலையில், மாற்றம் அந்தப் பட்டையின் இடத்தில்தான் இருந்தது. மேடையில் ஓர் உடையைப் பார்க்கும்போதெல்லாம், இதை அலுவலகத்துக்குப் போகும் ஒருவர் உடுத்தும் அளவுக்குத் தணித்தால் இதில் எது எஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சும் கூறுதான் பரவக்கூடியது.

மேடையிலிருந்து தெருவுக்குப் போக்கு இறங்கி வருகிறது என்பது பாதி உண்மைதான். வடிவமைப்பாளர் மேரி குவான்ட் 1955-இல் லண்டன் செல்சியின் கிங்ஸ் ரோட்டில் கடை திறந்தார். மினி ஸ்கர்ட் என்றதும் அவர் பெயரையே எல்லோரும் சொன்னாலும், அதை உருவாக்கியவர்கள் அந்தத் தெருவின் பெண்கள்தான் என்று அவரே சொல்லிவந்தார். 1960-இல் டியோர் நிறுவனத்துக்காக ஈவ் சான் லோரான், பாரிஸ் இளைஞர்களின் கறுப்புத் தோல் ஜாக்கெட்டை உயர்குடிப் பெண்களுக்கான வரிசையில் வைத்தபோது வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். 1992 நவம்பரில் பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக மார்க் ஜேக்கப்ஸ், சியாட்டில் இசைக்குழுக்களின் கட்டம்போட்ட பழைய சட்டையைப் பட்டில் செய்து மேடையேற்றினார். விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள், அவருக்கு வேலையும் போயிற்று. அந்த வரிசை இன்று தொண்ணூறுகளின் அடையாளமாகப் பேசப்படுகிறது. மேடையை மட்டும் பார்த்திருந்தால் இம்மூன்றும் திடீரென்று முளைத்ததாகத் தோன்றும். தெருவில் நின்றவருக்கு அவை முன்பே தெரிந்திருக்கும்.

தெருவில் நிற்பதற்கு நியூயார்க் டைம்ஸ் புகைப்படக்காரர் பில் கன்னிங்ஹாமை விடச் சிறந்த ஆசான் இல்லை. 2016-இல் 87-ஆம் வயதில் மறையும் வரை, தொழிலாளர்கள் அணியும் நீல நிற மேற்சட்டையோடு சைக்கிளில் சுற்றி, ஐந்தாம் அவென்யூவும் 57-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் அவர் படம் எடுத்துவந்தார். 1978-இல் ஒரு பெண் அணிந்திருந்த கோட்டின் தோள் வெட்டு அவரை ஈர்க்கவே படம் பிடித்தார். அந்தப் பெண் புகழ்பெற்ற ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போ என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. உடுத்தியவர் யார் என்று பார்க்கும் முன் தோள் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்த அந்தக் கண்ணைத்தான் நாம் பழக்க வேண்டும்.

இதைப் பழக ஐந்தாம் அவென்யூவுக்குப் போக வேண்டியதில்லை. பலதரப்பட்டவர்கள் நடந்து கடக்கும் ஓர் இடம் போதும்; சென்னையில் இருப்பவர்களுக்குப் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை நன்றாக உதவும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேன்ட்டின் விளிம்பு கணுக்காலைக் காட்டுகிறதா, செருப்பின் மேல் வந்து நிற்கிறதா, தரையைத் தொடுகிறதா என்பது தொடக்கத்துக்கு ஏற்ற கேள்வி, ஏனெனில் அதற்கு விடை காண ஒரு நொடி போதும். நோட்டில் மூன்று பத்தி போட்டு, கடந்து செல்லும் நூறு பேருக்குக் கோடு இழுங்கள். பத்து வயதுக்கு ஒரு பிரிவாக, உத்தேசமாகவேனும் வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் கழித்து அதே கிழமை, அதே மணி, அதே இடத்தில் மறுபடி எண்ணுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களை விட்டுவிடுங்கள், அப்போது ஊரே வேறு உடையில் இருக்கும். மழை நாளையும் விட்டுவிடுங்கள், எல்லோரும் பேன்ட்டை மடித்துவிட்டிருப்பார்கள். முன்பின் தெரியாதவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கோடு போட்ட நோட்டே போதுமான சான்று.

நூறு பேரில் எத்தனை பேர் வந்தால் போக்கு? புதுமைகள் பரவும் விதத்தை ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் தந்த பகுப்பில், முதலில் துணிந்து ஏற்பவர்கள் 2.5 சதவீதம், அவர்களை அடுத்து வருபவர்கள் 13.5 சதவீதம். அந்தச் சதவீதம், கடைசியில் ஒன்றை ஏற்கப்போகும் அனைவரையும் நூறாக வைத்துச் சொன்னது. நடைபாதையில் நாம் எண்ணும் நூறு அதுவாகாது. ஆயினும் கைக்கணக்காக நான் அதைப் பயன்படுத்துகிறேன். இரண்டு மூன்று பேர் தென்பட்டால் கவனித்துவருவேன். அது அடுத்தடுத்த எண்ணிக்கைகளில் பதினைந்தை நெருங்கி, குறைந்தது இரண்டு வயதுப் பிரிவுகளில் தென்பட்டால் போக்கு என்று எழுதுவேன். பாதிப் பேரிடம் வந்துவிட்டதைக் கண்டறிவதற்கு நாம் தேவையில்லை, கடைக்காரரே சொல்லிவிடுவார்.

எண்ணிக்கையோடு நான் தவறாமல் நாடும் இன்னொரு சாட்சி, ஆல்ட்ரேஷன் தையல்காரர். மரத்தடியில் ஒரு மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் அரைமணி நேரம் நின்றால், எந்தத் தளமும் தராத தகவல் கிடைக்கும். மக்கள் ஆடையைப் பிடிக்கச் சொல்கிறார்களா, பிரித்துவிடச் சொல்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. “முன்னெல்லாம் வாங்கின பேன்ட்ட கொண்டாந்து பாட்டத்த புடிச்சுக் குடுங்கம்பாங்க. இப்பப் பசங்க, முன்ன புடிச்சதயே பிரிச்சு விடச் சொல்றாங்க” என்று ஒரு முதியவர், உள்மடிப்பைத் திருப்பி, பழைய தையல் பிரிந்த இடத்தில் வெளிறாமல் நின்ற நீலக்கோட்டை எனக்குக் காட்டினார். புதிதாக வாங்கும் பேன்ட் கடைக்காரர் என்ன வைத்திருக்கிறார் என்பதைத்தான் காட்டும். பழையதைக் காசு கொடுத்துப் பிரிப்பது உடுத்துபவருடைய சொந்த விருப்பத்தைக் காட்டுகிறது.

மாற்றம் உறுதியானதும் காரணத்தைத் தேடுங்கள். காரணம் தெரியாத போக்கின் ஆயுளைக் கணிக்க முடியாது. காலணியும் பேன்ட்டும் ஒன்றையொன்று இழுப்பவை. 2000-களின் தொடக்கத்தில் டியோரின் ஆண்கள் ஆடைப் பிரிவான டியோர் ஓமில் வடிவமைப்பாளர் ஹெடி ஸ்லிமான் ஆண்களுக்கு மிக ஒல்லியான வெட்டைக் கொண்டுவந்தார். ஒல்லி ஜீன்ஸ் பத்தாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 2017-இல் பலென்சியாகாவின் டிரிபிள் எஸ் போன்ற தடித்த அடிப்பாகம் கொண்ட காலணிகள் பரவியபோது, அந்த ஒல்லிக் காலுக்குக் கீழே பாதம் பெரிய கட்டையாகத் தெரிந்தது. அதைச் சமன் செய்ய அகன்ற விளிம்பு தேவைப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் தளர்ந்த உடைக்குப் பழகிய உடல்களும் சேர்ந்துகொண்டன. இப்படி இரண்டு மூன்று காரணங்கள் ஒரே பக்கம் தள்ளினால் போக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒரே ஒரு பொருளாக வந்து, மற்ற உடைகளின் வெட்டை எதுவும் செய்யாமல், எல்லா வயதினரிடமும் ஒரே மாதத்தில் பரவுவது பெரும்பாலும் வந்த வேகத்தில் போய்விடும்.

நிற்கும் இடமும் மாறக்கூடியது. டோக்கியோவின் ஹராஜுகுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை நிறுத்தி, இளைஞர்கள் கூட வீதியைத் திறந்துவிட்ட ஏற்பாடு 1998-இல் முடிவுக்கு வந்தது. அங்கே 1997 முதல் அவர்களைப் படம் பிடித்து ஃப்ரூட்ஸ் இதழை நடத்திய ஷோய்ச்சி அவோகி, படம் எடுக்கத் தக்கவர்கள் தெருவில் இல்லை என்று சொல்லி 2017-இல் அதை நிறுத்தினார். ஓர் இடத்தில் மாற்றமே தென்படவில்லை என்றால், கூடியவர்கள் வேறிடம் போய்விட்டார்களா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். நோட்டின் இடப்பக்கத்தில் மேடையில் கண்டது, வலப்பக்கத்தில் தெருவில் எண்ணியது, கீழே அடுத்த ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்ற உங்கள் கணிப்பு மூன்று வரியில். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து, கணிப்புத் தவறியிருந்தால் அதை அடிக்காமல், எதைப் பார்க்கத் தவறினீர்கள் என்பதை வேறு மையில் பக்கத்திலேயே குறியுங்கள். ஒளிர்பச்சை அறிக்கையின் படி இன்னும் என் நோட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. அருகில், “முகப்புப் படம் மட்டும் பார்த்தது” என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.