மிட்டுவுக்கும் ஒரு தட்டு: கற்பனைத் தோழியைப் பற்றிய படப்புத்தகத்தை எழுதும் முறை

நான்கு வயதுக் குழந்தை தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டையும் வைக்கச் சொல்லி, "மிட்டுவுக்கும் ஒரு இட்லி" என்று கேட்கும்போது வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறார்கள். அப்பா சிரிக்கிறார், அம்மா சற்றே கவலைப்படுகிறார், பாட்டி மறுபேச்சில்லாமல் தட்டை எடுத்து வைக்கிறார். கற்பனைத் தோழமையைப் பற்றிப் படப்புத்தகம் எழுத விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோழிக்குக் குடும்பம் எப்படி இடம் கொடுக்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது.

இதை ஒரு குறைபாடாகக் கருதிக் கதையில் 'குணப்படுத்த' முனையாதீர்கள். ஒரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் உடன் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் எப்போதாவது கற்பனைத் துணை வைத்திருந்த குழந்தைகள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் என்று தெரிந்தது; பொம்மைக்கு உயிர் கொடுத்து அதனோடு பழகுவதும் இக்கணக்கில் சேரும். அக்குழந்தைகளில் பெரும்பாலோர், தோழி கற்பனையே என்பதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். ஆகவே, "அப்படி யாரும் இல்லை" என்று குழந்தை உணர்ந்து திருந்துவதாகக் கதையை முடித்தால், அது ஏற்கெனவே அறிந்திருப்பதை அதனிடமே பாடமாக ஒப்பிக்கிறோம். மேலும், கற்பனைத் தோழி எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்பவள் அல்லள். சண்டையிடுவாள், கூப்பிட்டால் வர மறுப்பாள். அவளை அப்படியே எழுதுங்கள்.

அடுத்து, குடும்பத்தில் ஒரே ஒரு நெருக்கடியைத் தேர்ந்துகொள்ளுங்கள். தம்பிப் பாப்பா பிறந்திருக்கலாம், வீடு மாறியிருக்கலாம், அம்மாவுக்கு இரவுப் பணி வந்திருக்கலாம். மூன்றையும் ஒரே புத்தகத்தில் திணித்தால் எதுவும் நிலைக்காது.

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகிறது. பெரிய தாளை மடித்துப் பதினாறு பதினாறு பக்கங்களாக அச்சிடும் வழக்கத்தால் வந்த எண் இது. தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரங்களும் போக, கதைக்கு எதிரெதிர்ப் பக்கச் சோடிகள் பன்னிரண்டு முதல் பதினான்கு வரை மிஞ்சும். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், கையில் கிடைத்துவிடும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வரும் என்பதை அதில் பென்சிலால் எழுதிப் பாருங்கள். "கதவைத் திறந்தாள்" என்பது வலப்பக்கத்தின் இறுதியில் வந்தால், உள்ளே இருப்பதைக் காணக் குழந்தையின் கை தானாகவே பக்கத்தைப் புரட்டும்.

தோழியை வரைவதா வேண்டாமா என்பதை ஓவியருடன் பேசித் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். வரைவதென்றால், அவளைப் பெரியவர்கள் எவரும் நேராகப் பார்க்காத வகையில் எல்லாப் பக்கங்களிலும் அவர்களின் பார்வையை அமைக்க வேண்டும். எனக்கு அவளை வரையாமல் விடுவதே பிடிக்கும்: தலையணையில் இரண்டாவது குழிவு, பாதி குடித்த சின்ன டம்ளர், ஊஞ்சலில் குழந்தை விட்டுவைத்திருக்கும் ஒரு சாண் இடம். படம் இவற்றைக் காட்டிவிடுவதால், "தலையணை குழிந்திருந்தது" என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை, எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

இனி மொழி. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு வாய்க்காத ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது. தமிழில் வினைமுற்றே திணையைச் சொல்லிவிடும். குழந்தை "மிட்டு வந்தாள்" என்கிறது, நம்பாத அப்பா "அது வந்ததா?" என்கிறார். அதே அப்பா, புத்தகத்தின் பிற்பகுதியில் விளக்கை அணைக்கும் முன் "மிட்டு தூங்கிவிட்டாளா?" என்று கேட்டால், அஃறிணை உயர்திணையான அந்த ஓர் இடத்திலேயே மனமாற்றம் முழுவதும் நிகழ்ந்துவிடுகிறது. "அப்பா புரிந்துகொண்டார்" என்ற வரி அதன்பின் தேவையே இல்லை. நடையைப் பொறுத்தவரை, கதைசொல்லியின் வரிகள் எளிய எழுத்துத் தமிழிலும் உரையாடல் அந்த வீட்டின் பேச்சுத் தமிழிலும் இருப்பது நல்லது. வாசித்துக்காட்டும் பெரியவரின் நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்.

டம்மி முடிந்ததும் ஒரு குழந்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். என் முதல் வரைவை அக்கா மகளுக்குப் படித்தபோது, பாட்டியின் வாயிலும் நான் கவனமின்றி "அது சாப்பிட்டுச்சா?" என்றே எழுதியிருந்தேன். அவள் பக்கத்தின் மேல் கையை வைத்து என்னை நிறுத்தினாள். "இல்ல சித்தி, பாட்டி அப்படிக் கேக்க மாட்டாங்க. சாப்பிட்டாளான்னுதான் கேப்பாங்க." பென்சிலை எடுத்து அந்த வரியை அங்கேயே திருத்தினேன், பக்கத்தைப் புரட்ட அவள் அதன்பின்தான் கையை எடுத்தாள்.